கஞ்சி ஊற்றினால் போதுமா?
வட ஆற்காடு மண்ணில் ஏழைகளோடு திருச்சபை நடந்த வழி



பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலை நகரம் உறங்குவதில்லை. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெருங்கூட்டமாக மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பாதையோரத்தில் காவி உடுத்திய துறவிகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இடையே முதியோர், மாற்றுத் திறனாளிகள், பிள்ளைகளால் கைவிடப்பட்ட தாய்மார்கள் எனப் பலரும் கையேந்தி அமர்ந்திருப்பதைக் காணலாம். நடப்பவர்கள் நாணயம் இடுகிறார்கள். உணவுப் பொட்டலம் தருகிறார்கள். கோயிலில் அன்னதானம் நடக்கிறது. ரமணாசிரமத்தில் நாள்தோறும் ஏழைகளுக்கு உணவு அளிக்கப்படுகிறது. பசித்தவருக்குச் சோறிடுவது இந்த ஊரின் பழைய அறம். அந்த அறத்தைப் பிற சமயத்தாருடையது என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அதை மதிக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆயினும் அந்தப் பாதையில் நடக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் போகாது. இன்று பொட்டலம் வாங்கியவர் அடுத்த பௌர்ணமிக்கும் அதே இடத்தில்தான் அமர்ந்திருப்பார். ஏன்? அவருடைய நிலம் எங்கே போயிற்று? அவருக்கு வரவேண்டிய கூலி யாரிடம் இருக்கிறது? லூக்கா நற்செய்தியின் 16 ஆம் பிரிவில் வரும் செல்வர், தம் வாயிலில் கிடந்த இலாசரை அடித்ததாகவோ திட்டியதாகவோ எழுதப்படவில்லை. வாயிலருகே ஒருவர் கிடப்பது அவருக்குப் பழகிப்போயிற்று. அதுவே அவருடைய பாவம்.

நம் மறைமாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. காரணம், இந்த மண்ணில் நம் திருச்சபை பெருகியதே ஒரு பஞ்சத்தின் நாள்களில்தான். கஞ்சி ஊற்றுவதில் தொடங்கிய பணி நீதிக்கான பணியாக எங்கே வளர்ந்தது, எங்கே நின்றுபோனது என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

தாது வருடப் பஞ்சம்

1876 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பருவமழைகள் பொய்த்தன. ஏரிகள் வறண்டன. தாது என்னும் தமிழ் ஆண்டில் வந்ததால் மக்கள் அதைத் தாது வருடப் பஞ்சம் என்று அழைத்தார்கள். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில், ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. இன்றைய வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களை உள்ளடக்கிய ஆற்காட்டுப் பகுதிகளும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

மழை பொய்த்தது மட்டுமே இத்தனை சாவுக்குக் காரணம் அன்று. அந்த ஆண்டுகளிலும் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. விலையில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியாளர்களின் கொள்கை. 1877 சனவரியில், பஞ்ச நிவாரணப் பணிகளில் உழைத்தவர்களின் கூலி குறைக்கப்பட்டது. கடின உழைப்பு செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த அந்தக் கூலிக்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் வந்தது. இது மனித உடலுக்குப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்ப்புத் தெரிவித்தார். அதே சனவரி முதல் நாளில் தில்லியில், விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கும் மாபெரும் தர்பார் நடந்துகொண்டிருந்தது.

இந்தப் பஞ்சத்தில் முதலில் மடிந்தவர்கள் யார்? நிலமில்லாதவர்கள். ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்து, பண்ணையாளாகவும் படியாளாகவும் அன்றன்று அளந்து தரும் தானியத்தை நம்பி வாழ்ந்தவர்கள். 1843 ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியிருந்தது. ஆனால் கடனும் சாதியும் சேர்ந்து அவர்களைப் பண்ணையோடு கட்டியே வைத்திருந்தன. பயிர் இல்லை என்றால் வேலை இல்லை; வேலை இல்லை என்றால் படி இல்லை. அவர்கள் வீட்டில் குதிர் கிடையாது. வானம் எல்லாருக்கும் பொய்த்தது. சாவோ எல்லாரிடமும் ஒரே அளவில் வரவில்லை.

சேத்துப்பட்டின் கதை

திருவண்ணாமலைக்கு வடகிழக்கே உள்ள சேத்துப்பட்டில் தூய லூர்து அன்னை ஆலயம் எழுந்து நிற்கிறது. திருவிழா நாள்களில் அங்கே செல்லும் நம்மில் பலருக்கு, அந்த ஆலயம் எந்த மக்களுக்காக எழுந்தது என்பது நினைவில் இருப்பதில்லை. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சு நாட்டு அருள்தந்தை தராஸ் சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு இப்பகுதியில் உழைத்தார். அன்று இப்பகுதி புதுச்சேரி மறைத்தளத்தின் பொறுப்பில் இருந்தது. பஞ்ச காலத்திலும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் சேரி மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். தந்தை தராஸ் 'வட ஆற்காட்டின் திருத்தூதர்' என்று இன்றும் நினைவுகூரப்படுகிறார். பின்னாளில் சலேசிய சபையினர் இப்பணியை ஏற்றனர். 1952 இல் வேலூர் மறைமாவட்டம் உருவானது.

இதில் பெயர் தெரியாத ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள்தான் உபதேசியார்கள். ஒரு குரு பல ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்த காலம் அது. ஊரிலேயே தங்கி, செபம் சொல்லிக் கொடுத்து, குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்து, நோயாளியைப் பார்த்து, இறந்தவரை அடக்கம் செய்து, குருவானவர் வரும்வரை சபையைக் காத்தவர்கள் இவர்களே. நம் பங்குகளின் வரலாற்று மலர்களில் ஆலயம் கட்டிய குருக்களின் படங்கள் இருக்கின்றன. உபதேசியாருக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை.

சோற்றுக்காக வந்தவர்களா?

பஞ்ச காலத்தில் மதம் மாறியவர்களைச் 'சோற்றுக் கிறிஸ்தவர்கள்', 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று ஏளனம் செய்வது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதற்கு நாம் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, பசித்தவர் உணவு இருக்கும் இடத்தை நாடி வருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள், தானியத்தைப் பூட்டி வைத்தவர்களே. பாலைநிலத்தில் அப்பம் பெற்ற கூட்டமும் பசியோடுதான் இயேசுவிடம் இருந்தது. அவர்களுடைய நோக்கத்தைச் சோதித்த பிறகு அவர் அப்பம் கொடுக்கவில்லை.

இரண்டாவது, சோறு மட்டுமே காரணமாக இருந்தால், மழை பெய்ததும் எல்லாரும் திரும்பிப் போயிருப்பார்கள். சிலர் போகவும் செய்தார்கள். ஆனால் மிகப் பலர் தங்கினார்கள். ஏன்? உள்ளே வரலாம் என்று ஒரு வழிபாட்டிடம் சொன்னது. பிள்ளையின் கையில் பலகை கொடுத்தது ஒரு பள்ளி. ஊராருக்கு எதிராகப் புகார் எழுதித் தர ஒருவர் கிடைத்தார். தொட்டால் தீட்டு என்று கேட்டே வளர்ந்த ஒரு மனிதரின் நாவில் நற்கருணை வைக்கப்பட்டது. இதன் பொருளை, தலைமுறைகளாக ஊருக்குள் அனுமதிக்கப்பட்டவர்களால் எளிதில் உணர முடியாது.

மூன்றாவது பதில் நமக்கே உரியது. உணவைக் காட்டி ஒருவருடைய மனச்சான்றை வாங்க முயல்வது நற்செய்திக்கு எதிரானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் சமய சுதந்திரம் பற்றி வெளியிட்ட ஏடு இதைத் தெளிவாகக் கற்பிக்கிறது. பழைய நாள்களில் எங்காவது உதவிக்கு விலையாகத் திருமுழுக்குக் கேட்கப்பட்டிருந்தால், அது தவறு என்று சொல்ல நாம் தயங்கக் கூடாது. சோறு கொடுப்பது பசிக்காக. அதற்கு மேல் எந்த நிபந்தனையும் அதில் கலக்கக் கூடாது.

கஞ்சிக்கு அடுத்த படி

பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர்கள் விரைவில் ஒன்றைக் கண்டார்கள். கஞ்சி ஓர் உயிரை இன்று காப்பாற்றும். நாளை அதே உயிர் அதே பண்ணையாரிடம் அதே கடனோடு திரும்பிப் போகும். எனவே பள்ளியும் மருத்துவமனையும் தேவைப்பட்டன.

இதில் பிற கிறிஸ்தவ சபையினரின் பங்கையும் நன்றியோடு சொல்ல வேண்டும். திருவண்ணாமலை நகரில் டேனிஷ் மிஷன் பள்ளி பல தலைமுறைகளுக்கு எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்திருக்கிறது. 1870 இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், சிறுமியாக இருந்தபோதே தாது வருடப் பஞ்சத்தின் குழந்தைகளைக் கண்டவர். பின்னாளில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மருத்துவ உதவியின்றி இறந்தது அவருடைய வாழ்வைத் திருப்பியது. பெண் மருத்துவர் இல்லாததும், ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடக் கூடாது என்ற வழக்கமும் சேர்ந்து அந்த மூவரைக் கொன்றன. ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி, 1900 இல் வேலூரில் ஒற்றைக் கட்டில் மருத்துவமனையாகத் தொடங்கியதே இன்றைய சி.எம்.சி. அவர் அத்தோடு நிற்கவில்லை. 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்குச் சிகிச்சை தருவது இரக்கம். பெண்ணையே மருத்துவராக்குவது அந்தச் சாவுகளுக்குக் காரணமான நிலையை மாற்றுவது. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

சேத்துப்பட்டிலும் தூய தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் எழுந்தன. குடும்பமும் ஊரும் தள்ளிவைத்த தொழுநோயாளருக்குக் கட்டுப்போட்ட கைகளில் பல, நம் அருள்சகோதரிகளுடையவை.

நிலம் என்னும் கேள்வி

பள்ளியும் மருந்தும் வந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. வீடு நிற்கும் மண்ணே பண்ணையாருடையது என்றால், எழுதப் படிக்கத் தெரிந்தவரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியின் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடி போன்ற மறைப்பணியாளர்கள் இதை வெளிப்படையாகப் பேசினார்கள், எழுதினார்கள், அரசிடம் முறையிட்டார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891 இல் அம்மாவட்டத்தின் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் பத்து ஆண்டுகளுக்கு அதை விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்கன்றிப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. இதுவே பஞ்சமி நிலம்.

நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலமோ கடனுக்கும் மிரட்டலுக்கும் பொய்ப் பத்திரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. நூறு ஆண்டுகளுக்குப் பின், செங்கல்பட்டுப் பகுதியின் காரணை என்னும் ஊரில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின்போது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். அந்த இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று திருத்தூதர்களின் பெயர். மற்றொன்று ஏழுமலையானின் பெயர். நிலம் இழந்தவர்களின் துன்பத்தில் சமய வேறுபாடு இல்லை. அவர்களுடைய விடுதலையிலும் இருக்கக் கூடாது.

லேவியர் நூலின் 25 ஆம் பிரிவு யூபிலி ஆண்டைப் பற்றிச் சொல்வதும் இதுவே. விற்கப்பட்ட நிலம் ஐம்பதாம் ஆண்டில் அதன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும்; ஏனெனில் நிலம் கடவுளுடையது. 2025 ஆம் ஆண்டை நாம் யூபிலி ஆண்டாகக் கொண்டாடினோம். திருப்பயணம் சென்றோம், திருக்கதவுகள் வழியாக நுழைந்தோம். நிலத்தைப் பற்றி எத்தனை பங்குகளில் பேசினோம்?

திருத்தந்தையர் கற்பித்தது

ட்ரெமன்ஹீர் அறிக்கை வந்த அதே 1891 ஆம் ஆண்டு மே மாதத்தில், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்கு அவரும் குடும்பமும் மாண்போடு வாழப் போதுமான கூலி நீதிப்படி உரியது என்றும், சங்கம் அமைக்க அவருக்கு உரிமை உண்டு என்றும் அம்மடல் கற்பித்தது. வயிற்றுக்கில்லாதவன் எந்தக் கூலிக்கும் ஒப்புக்கொள்வான் என்பதால் மட்டும் அந்தக் கூலி நியாயமாகிவிடாது என்பதே அதன் அடிப்படை.

அதன்பின் வந்த போதனைகள் இதை மேலும் விரித்தன. 1967 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நாடுகளின் முன்னேற்றம் பற்றி எழுதினார். 1971 இல் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் உள்ளார்ந்த கூறு என்று அறிவித்தது. அதாவது, அது ஆர்வமுள்ள சிலருக்கு மட்டும் உரிய கூடுதல் வேலை அன்று. 2005 இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், எவ்வளவு நீதியான சமூகத்திலும் அன்புப்பணி தேவைப்படும் என்றும், அதே வேளையில் நீதிக்கான முயற்சியில் திருச்சபை ஒதுங்கி நிற்கக் கூடாது என்றும் எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக ஏழையர் நாள் 2017 முதல் சிறப்பிக்கப்படுகிறது. அவர் தொடங்கி வைத்த எழுத்தைத் திருத்தந்தை பதினான்காம் லியோ நிறைவு செய்து, 2025 அக்டோபரில் 'திலெக்ஸி தே' என்ற திருத்தூது அறிவுரை மடலாக வெளியிட்டார். ஏழைகள்மீதான அன்பே அதன் பொருள்.

ஆகவே கஞ்சியா நீதியா என்று தேர்ந்தெடுக்கும் தேவை நமக்கு இல்லை. கஞ்சி இன்று வேண்டும். காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆனால் கஞ்சி கொடுத்ததால் கடமை முடிந்தது என்று நினைப்பவர், ஏழை என்றும் ஏழையாகவே இருப்பதற்குத் தம்மை அறியாமலே ஒப்புதல் தருகிறார்.

நம் வீட்டுக்குள்ளே

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறோம். ஊராரின் அநீதியைப் பேசுவது எளிது. நம் ஆலயத்துக்குள் இருப்பதைப் பேசுவது அப்படி அன்று.

தமிழகத் திருச்சபையில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். ஆயினும் தனித்தனிக் கல்லறைகள், சேரித் தெருவுக்குள் வராத தேர், திருவிழாப் பொறுப்புகளில் இடமின்மை ஆகியவை நம்மிடையே இருந்தன. பல இடங்களில் இன்றும் இருக்கின்றன. 2003 நவம்பர் 17 அன்று, உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2008 மார்ச் மாதம், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், தலித் கத்தோலிக்கர் சம உரிமை கேட்டதை ஒட்டி மோதல் மூண்டது. காவல்துறை துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். மோதிக்கொண்ட இரு தரப்பினரும் ஒரே திருமுழுக்கைப் பெற்றவர்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அது மறைக்கவில்லை.

2023 சனவரி 30 அன்று, நம் மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதிகாரிகளும் காவலர்களும் உடன் வந்தார்கள். அச்செய்தியைப் படித்தபோது நம்மில் சிலர், 'நம்மிடம் இப்படி இல்லை' என்று ஆறுதல் அடைந்திருக்கலாம். நம் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்த பிறகு அதைச் சொல்வது நல்லது.

திருத்தூதர் பணிகள் நூலின் 6 ஆம் பிரிவு நமக்கு வழி காட்டுகிறது. எருசலேம் சபையில் நாள்தோறும் உணவு பகிர்ந்தபோது, கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. அதாவது, அன்புப்பணியிலேயே பாகுபாடு இருந்தது. முறையிட்டவர்களைக் கலகக்காரர்கள் என்று திருத்தூதர்கள் ஒதுக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள். பொறுப்பை எழுவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த எழுவரின் பெயர்கள் அனைத்தும் கிரேக்கப் பெயர்கள்! பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள். நம் பங்குப் பேரவைகளுக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமா?

அரசின் அநீதியும் உண்டு. 1950 ஆகஸ்டு 10 இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் இனத்திலிருந்து விலக்கியது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவரும் தலித் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். பட்டியல் இனத்தாருக்குரிய இடஒதுக்கீடும், 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. அவர்களைச் சேர்க்கலாம் என்று நீதிபதி இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007 இல் பரிந்துரைத்தது. இதை ஆராய 2022 இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 10 அன்று கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். அரசிடம் சமநீதி கேட்கும் நம் குரல், நம் கல்லறையில் சுவர் நிற்கும்வரை வலுப்பெறாது.

இன்றைய தாது வருடம்

பஞ்சம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாக 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். சவ்வாது மலை மக்களும் அவர்களில் இருந்தனர். செம்மரத்தில் கோடி சேர்த்தவர்கள் காட்டுக்குள் போகவில்லை. சொந்த ஊரில் வேலையில்லாதவர்களே போனார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கரும்பு வெட்டிலும், முன்பணம் வாங்கிய ஒரே காரணத்தால் குடும்பத்தோடு முடக்கப்படுவோரின் நிலையும் இத்தகையதே. அன்று படியாளைக் கட்டிய கடன், இன்று 'அட்வான்ஸ்' என்ற பெயரில் கட்டுகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலில் சட்டத்தை அறிவோம். 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, கடனைக் காட்டி ஒருவரைக் கட்டாயமாக வேலை வாங்குவது குற்றம். அந்தக் கடனும் செல்லாது. தகவலை வருவாய்க் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ தரலாம். மீட்கப்பட்டவர் விடுதலைச் சான்றிதழைப் பெறுவது மிக முக்கியம். அதை வைத்தே மறுவாழ்வு உதவி கேட்க முடியும். 2016 ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டம் ஆண்களுக்கு 1 இலட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 இலட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 இலட்சம் ரூபாய் என வகுத்தது. மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் சமூகப் பணியாளர்களுக்கும் இடம் உண்டு. நம் பொதுநிலையினர் அங்கே அமரலாம்.

இரண்டாவது, இலவச சட்ட உதவி. பெண்கள், சிறுவர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், கட்டாய உழைப்புக்கு ஆளானோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணை ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம்.

மூன்றாவது, கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபைக்கு அன்பியமாகச் சேர்ந்து செல்வோம். சுடுகாட்டுப் பாதை, குடிநீர், மனைப்பட்டா ஆகியவற்றை அங்கே எழுப்புவோம். நமக்கு மட்டும் கேட்காமல், ஊரில் குரலற்ற எவருக்காகவும் கேட்போம்.

நான்காவது, நம் பங்கிலேயே தொடங்குவோம். கல்லறைத் தோட்டம் ஒன்றாக இருக்கட்டும். தேர் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். நம் பள்ளிகளில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு, மதிப்பெண் பார்க்காமல் இடம் கிடைக்கட்டும். பங்கின் வரலாற்றை எழுதும்போது உபதேசியாரின் பெயரைத் தேடி எழுதுவோம்.

அன்பான இறைமக்களே, தாது வருடத்தில் கஞ்சித் தொட்டியின் முன் கையேந்தி நின்றவர்கள் யாரோ அல்லர். நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் அந்த வரிசையில் நின்றவர்களே. ஆகவே ஏழை நமக்கு உறவினர். நம் இரக்கத்துக்குக் காத்திருக்கும் அயலார் அல்லர். கிரிவலப் பாதையில் அமர்ந்திருக்கும் முதியவருக்குப் பொட்டலம் கொடுக்கும்போது, ஒரு கணம் அருகே அமர்ந்து, "ஐயா, உங்கள் ஊர் எது? அங்கே என்ன நடந்தது?" என்று கேட்போம். பதிலைக் கேட்ட பிறகு நாம் எழுந்து எங்கே போகிறோம் என்பதில்தான் நம் விசுவாசம் தெரியும்.

சிந்தனைக்கு (அன்பியக் கூட்டங்களில் பகிர்ந்துகொள்ள):

1. நம் குடும்பம் திருச்சபைக்கு வந்த வரலாறு நமக்குத் தெரியுமா? முதியோரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறோமா?

2. நம் பங்கில் கல்லறை, தேர், பங்குப் பேரவை ஆகிய மூன்றிலும் எல்லாருக்கும் சம இடம் இருக்கிறதா? இல்லையெனில் முதலில் பேச வேண்டியவர் யார்?

3. நம் ஊரிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனை? அவர்களை யாராவது சென்று பார்த்தோமா?

4. இந்த ஆண்டு உலக ஏழையர் நாளில், உணவு வழங்குவதோடு சேர்த்து, ஒரு குடும்பத்தின் ஓர் உரிமையைப் பெற்றுத் தர நம் அன்பியம் முன்வருமா?